அரக்கு உடையாத கட்டு

என் வாழ்க்கையில் ஒரே ஒரு மோசடி செய்யத் துணிந்தேன். அதுவும் ஊரான் யாரையோ இல்லை, எனக்குப் பெண் கொடுத்த மச்சானை ஏமாற்றுவதற்கு. அது பலித்ததா என்று கேட்பீர்கள். பலித்தது. நான் நினைத்ததைவிடப் பிரமாதமாகப் பலித்தது. அதுதான் இப்போது பிரச்சினை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவர்கள் திட்டி முடிக்கிற வரைக்கும் என் கை சும்மா இருக்காது. திட்டுகிறவருடைய முகம் எப்படி இருக்கும் என்று புகார்ப் புத்தகத்தின் ஓரத்தில் வரைந்துகொண்டிருக்கும். மேலாளர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு எனக்கு மெமோ கொடுத்தார். படித்துப் பார்த்தேன். ஓரத்தில் நிறைய இடம் விட்டிருந்தார். அதில் அவரையே வரைந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

என் மனைவியின் அண்ணன் கப்பலில் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர். அந்த மெமோவைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷம் விடாமல் சிரித்தார். "மாப்ளே, உங்க கையில வித்தை இருக்கு, தாள்தான் இல்ல" என்றார். அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் வாங்கி வந்தார். படம் போடுவதற்கென்றே கையால் செய்த தாளாம். இருபத்தைந்து தாள். பழுப்புக் காகிதம் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு வைத்திருந்தது.

இது நடந்தது பதினொரு வருஷத்துக்கு முன்னால். அந்தப் பதினொரு வருஷமும் அரக்கு உடையவில்லை.

ஏன் என்று கேட்பவர்கள் வாழ்க்கையில் நல்ல பொருள் எதையும் கண்ணால் பார்க்காதவர்கள். அவ்வளவு உசத்தியான தாளில் எதை வரைவது? தக்காளியையா? அதற்கு ஏற்ற படம் மனசில் தோன்ற வேண்டும். கைக்குப் பழக்கம் வர வேண்டும். வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும். இதெல்லாம் கூடி வருகிற நாள் வரட்டும் என்று தாள்கட்டை பீரோவின் மேல் வைத்தேன். வாரம் ஒரு முறை துடைப்பேன். பிரித்துத் தொட்டுப் பார்க்கவும் மனசு வரவில்லை. கைரேகை படிந்துவிட்டால்?

"நாய்க்கு முழுத் தேங்காய் கிடைச்ச மாதிரி" என்பாள் என் மனைவி. உருட்டுவேனே தவிர உடைக்க மாட்டேன் என்று அர்த்தம். பதினொரு வருஷமாகச் சொல்கிறாள். எனக்குப் பழகிவிட்டது.

போன தடவை மச்சான் விடுமுறைக்கு வந்தபோது நேராக பீரோவைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ளே, அது நான் வாங்கித் தந்த கட்டுதானே?"

"ஆமாம் மச்சான். புதுசு மாதிரியே வெச்சிருக்கேன் பாருங்க."

"புதுசாவே வெச்சிருக்கீங்க. இதோ பாருங்க, அடுத்த தடவை நான் வரும்போது அதுல படம் இருக்கணும். இல்லேன்னா கட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். எங்க கப்பல் சமையல்காரர் சுவர்ல கரியை வெச்சு அவ்வளவு அழகாப் போடறார். அவருக்காவது உபயோகப்படும்."

அவர் சொன்னால் செய்கிறவர். பதினொரு வருஷம் நான் கண்ணை இமை காப்பது போல் காத்த தாள், எங்கேயோ நடுக்கடலில், குழம்புக் கையால் பிரிக்கப்படப் போகிறது!

அவர் மறுபடி வருவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது எனக்கு அந்த யோசனை உதித்தது. உதித்த உடனே மனைவியிடம் சொன்னேன். இங்கேதான் நான் தவறு செய்தேன்.

அவள் அப்போது துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, ஒரு யோசனை."

"சொல்லுங்க."

"உங்க அண்ணன் கேக்கறது படம்தானே? தாளைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? இன்ஜினுக்கு எண்ணெய் விடறவர்."

"அதனால?"

"ஏதாவது சாதாரணத் தாள்ல நாலு படம் போடறேன். இதுதான் நீங்க குடுத்த தாள்னு காட்டிடறேன். கட்டைப் பரண்ல ஒளிச்சு வெச்சுடலாம். அவரும் சந்தோஷமாப் போயிடுவார், கட்டும் அப்படியே இருக்கும்."

"எங்க அண்ணனை ஏமாத்தப் போறீங்க."

"ஏமாத்தலை. காப்பாத்தப் போறேன்."

"யாரை?"

"தாளை."

"அப்புறம் அந்த நல்ல தாள்ல எப்போ போடுவீங்க?"

"அதுக்கேத்த படம் தோணும்போது."

"எப்போ தோணும்?"

"அதெல்லாம் தேதி சொல்லிட்டா வரும்?"

அவள் ஒரு துண்டு மடிக்கிற நேரம் யோசித்தாள்.

"சரிங்க. தாள் நான் கொண்டு வரேன். எங்க கம்பெனியில கழிச்சுப் போட்டது நிறையக் கிடக்கு."

அவள் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் ஒரே தடவையில் 'சரிங்க' சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பை நிறையத் தாளைக் கொண்டு வந்து மேஜை மேல் போட்டாள். தடிமனாக இருந்தது. ஆனால் ஓரம் நாலு பக்கமும் எலி கடித்த மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது.

"என்னது இது, இப்படி இருக்கு?"

"அட்டைக்கு நடுவுல வைக்கிற தாள். ஓரம் சரியில்லேன்னுதான் கழிச்சுட்டாங்க. உங்களுக்கு ஓசியில வேற எப்படி வரும்?"

நியாயம்தான். கத்திரிக்கோலை எடுத்து முதல் ஐந்து தாளின் ஓரத்தை அழகாக, நேர்கோடாக வெட்டி எறிந்தேன். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

நீர்வர்ணமும் தூரிகையும் எடுத்து ஆரம்பித்தேன். முதல் படம் ஒரு தண்ணீர்க் குடம். சரியாக வரவில்லை. போனால் போகிறது, கழிசல் தாள்தானே என்று அடுத்ததை எடுத்தேன். அது நாற்காலி. நாற்காலிக்கு மூன்று கால்தான் தெரிந்தது, ஆனால் உட்காரலாம் போலிருந்தது. மூன்றாவது, வாசலில் கிடந்த செருப்புகள். என்னுடையது இரண்டு, அவளுடையது இரண்டு, யாரோ விட்டுப் போன ஒற்றை ஒன்று. அதைப் போட்டு முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தாள் தண்ணீரைக் குடிக்கிற விதமே தனியாக இருந்தது. நீலத்தைத் தொட்டு வைத்தால் அது பாட்டுக்கு மெல்லப் பரவி, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.

அதற்கப்புறம் என்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். மாடிப்படியைப் போட்டேன். மழையில் நனைந்த கொடித்துணியைப் போட்டேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஏழு பேரை, ஏழாவது ஆளின் கையில் ஒரு கேக் பெட்டியோடு போட்டேன். வெங்காயம் நறுக்குகிற என் மனைவியைச் சமையலறைக் கதவு வழியாகப் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன அழகா அழறேன்ல?" என்றாள். நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தப்பானால் கவலையில்லை, வேறு தாள் இருக்கிறது என்கிற தைரியத்தில் கை துணிச்சலாக ஓடியது.

பக்கத்து வீட்டில் பல்செட் செய்கிறவர் இருக்கிறார். அவருடைய ஜன்னலில் பிளாஸ்டர் மாவில் வார்த்த பற்கள் வரிசையாகக் காயும். வெயிலில் அவை என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருக்கும். அதையும் போட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு அசந்து போனார்.

"சார், பல்லுக்கு உயிர் வந்துடுச்சு! என்ன தாள் சார் இது?"

"தாளா? அட்டைக் கம்பெனிக் கழிசல். ஓசி."

"நம்பவே முடியலை."

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் சார். இந்த உசத்தித் தாள், வெளிநாட்டுத் தாள்னு சொல்றதெல்லாம் கை வராதவன் சொல்ற சாக்கு. இதோ பாருங்க." ஒரு முழுத் தாளை எடுத்து அவர் முன்னால் டர்ரென்று இரண்டாகக் கிழித்துக் காட்டினேன். "போனா போகுது. இதுல இப்படிப் போடறேனே, பரண்ல இருக்கற அந்தத் தாள்ல போட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!"

அவர் யோசித்துப் பார்த்தார். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கிழிந்த தாளைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாத்திரம் வழக்கத்தைவிடப் பலமாகக் கீழே வைக்கப்பட்டது.

அந்தப் பல் படத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன். இன்னொரு தாளை எட்டாக மடித்து, ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்தேன். இன்னொன்றில் குப்பை அள்ளினேன். இரண்டு தாள் தூரிகை துடைப்பதற்கே போயிற்று. பைக்குள் கையை விட்டபோது ஒரு நாள் தாள் எதுவும் இல்லை. "இன்னும் கொஞ்சம் கொண்டு வாயேன்" என்றேன். "கழிசல் எப்பவும் கிடைக்குமா?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

பத்தொன்பது படங்கள் தேறின. கூடத்தில் குறுக்காகக் கயிறு கட்டி எல்லாவற்றையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். கட்டைப் பரணில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால், போர்வை போட்டு மூடினேன். ஏறி இறங்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது. நல்ல காரியத்துக்காகப் பிடித்துக்கொண்ட முதுகு என்று பொறுத்துக்கொண்டேன்.

மச்சான் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மாப்ளே! எல்லாம் நீங்க போட்டதா?"

"நீங்க குடுத்த தாள்லதான் மச்சான்" என்றேன். கொஞ்சம் கூட நா குழறவில்லை. "யோசிச்சுப் பார்த்தேன். நல்ல பொருளைப் பூட்டி வெச்சு என்ன ஆகப் போகுது? பொருள்னா உபயோகப்படுத்தணும். போகும்போது தலையில கட்டிக்கிட்டா போகப் போறோம்? அதான் அரக்கை உடைச்சேன், இருபத்தஞ்சையும் துணிஞ்சு தீத்துட்டேன்."

என் மனைவி தட்டில் டீ கொண்டு வந்தாள். "ரொம்பத் துணிச்சல்ணா அவருக்கு" என்றாள். நல்ல கூட்டாளி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மச்சான் ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். வெங்காயப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவர் கண் கலங்கியது. வெங்காயத்தை அவ்வளவு தத்ரூபமாகப் போட்டிருக்கிறேனா என்று நினைத்தேன். தங்கை மேல் பாசம் என்று அப்புறம்தான் புரிந்தது. இவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெட்கப்பட்டேன்.

அப்போதுதான் அவர் செருப்புப் படத்தைக் கயிற்றிலிருந்து கழற்றினார்.

"மாப்ளே, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? இந்தத் தாளை வாங்கும்போது கடைக்காரர் ஒரு விஷயம் சொன்னார். பண நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா உள்ளே ஒரு உருவம் தெரியும்ல? அதே மாதிரி இதுலயும் மூலையில ஒரு நத்தை தெரியுமாம். நத்தை இருந்தாத்தான் அசல். இல்லேன்னா போலி."

டீத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இப்போ எதுக்கு மச்சான் அதெல்லாம்? டீ ஆறிப்போகுது."

"ஒரு நிமிஷம், பாத்துடுவோம்."

"வர்ணம் உதிரும் மச்சான்."

"உதிராது."

ஜன்னலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஓடிவிடலாமா, மயங்கி விழலாமா என்று இரண்டையும் யோசித்தேன். விழுந்தால் முதுகு இன்னும் பிடித்துக்கொள்ளும். அவர் படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதோ! நத்தை!"

கண்ணைத் திறந்தேன். ஒற்றைச் செருப்புக்குக் கீழே, மூலையில், வெளிச்சத்தில், இரண்டு கொம்பும் முதுகில் ஓடுமாக ஒரு நத்தை.

"ஒவ்வொண்ணுலயும் இருக்கே!" அவர் படம் படமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். "ஆமாம், இந்த அஞ்சுல மட்டும் ஓரத்தை யாரு வெட்டினது? கையால செஞ்ச தாளுக்கு அந்தப் பிசிறுதானே மாப்ளே அழகு!"

"இதோ வரேன்" என்றேன். உள்ளே போனேன். பிடித்துக்கொண்ட முதுகோடு பரணில் ஏறினேன். சூட்கேஸைத் தள்ளினேன். போர்வையை விலக்கினேன். கட்டு இருந்தது. நூல் இருந்தது. அரக்கு உடையாமல் இருந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அதை உடைத்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில், ஓரம் நேராக வெட்டிய இருபத்தைந்து அட்டைக் கம்பெனித் தாள்கள் இருந்தன.

சமையலறைக்கு இறங்கி வந்தேன். அவள் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் தாள்!" என்றேன், கிசுகிசுத்த குரலில்.

"கூடத்துல தொங்குதே."

"எப்படி எடுத்தே? அரக்கு அப்படியே இருக்கு!"

"அரக்கு மேல் பக்கம்தானே இருக்கு? நூலை ஓரமா நகர்த்திட்டு, அடியில மடிச்சு ஒட்டியிருக்கறதை ஆவியில காட்டினா தானா விட்டுக்கும். பதினாறு வருஷம் பேக்கிங்ல இருக்கேன். இது கூடத் தெரியாதா?"

"துரோகம்!"

"மெதுவாப் பேசுங்க. அண்ணன் காதுல விழும்."

"விழட்டும்! கத்தப் போறேன்!"

"கத்துங்க. என்னன்னு கேப்பார். என்னன்னு சொல்வீங்க?"

வாயைத் திறந்தேன். யோசித்தேன். 'மச்சான், உங்களை ஏமாற்றலாம் என்று போலித் தாளில் படம் போட்டேன், உங்கள் தங்கை அதற்குப் பதிலாக அசல் தாளை வைத்து என்னை மோசம் செய்துவிட்டாள்' என்று சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? வாயை மூடினேன்.

"முழுசா ஒரு தாளைக் கிழிச்சேனே! அப்போவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கும்தான் வயிறு எரிஞ்சுது. சொல்லியிருந்தா மிச்சத்தைத் திரும்பக் கட்டி வெச்சுருப்பீங்க."

"குப்பை அள்ளினேனே!"

"அது எனக்கே தாங்கலை."

"ஏன் இப்படிப் பண்ணினே?"

அவள் பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தாள். "பதினொரு வருஷமா அந்தப் பொட்டலத்தைத் துடைச்சுக்கிட்டு இருக்கறதைப் பார்த்தேன். எனக்கு நீங்க படம் போடறதைப் பார்க்கணும்னு ஆசை. இந்த மூணு மாசம் பார்த்தேன். போதுமா? வாங்க, அவர் தனியா உக்காந்திருக்கார்."

இருந்தாலும் எனக்குக் கோபம் தீரவில்லை. இனிமேல் எந்த நல்ல பொருளும் இவள் கண்ணில் படக் கூடாது, என் கையை விட்டுப் போகக் கூடாது என்று சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சபதம் எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் மச்சான் பையைத் திறந்துகொண்டிருந்தார்.

"மாப்ளே, நீங்க தாளைத் தீத்திருந்தா குடுக்கலாம், இல்லேன்னா சமையல்காரருக்குன்னு வாங்கி வந்தேன். இனி இது உங்களுக்குத்தான்."

ஒரு மரப் பெட்டி. திறந்தேன். பன்னிரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் பன்னிரண்டு வர்ணம். ஒவ்வொன்றின் மூடிக்கும் அடியில் வெள்ளித் தாள் ஒட்டி மூடியிருந்தது. அந்தச் சிவப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இதற்கேற்ற படம் ஒன்று தோன்றும். தோன்றட்டும். அவசரமில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஆபீஸ் மேஜையின் கீழ் இழுப்பறை, இரட்டைப் பூட்டு, சாவி ஒன்று என்னிடம், இன்னொன்றும் என்னிடம்.

"குடுங்க, நானும் பாக்கறேன்" என்று என் மனைவி கையை நீட்டினாள். மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுக்காமல் எப்படி இருப்பது? கொடுத்தேன்.

அவள் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். "திறந்துட்டா ஆறு மாசத்துக்குள்ள உபயோகிச்சுடணுமாம்ணா. அப்புறம் கல்லாப் போயிடுமாம்."

"ஆமாம்மா. கடைக்காரரும் சொன்னார்."

"அப்படியா" என்றாள். முதல் புட்டியின் மூடியைத் திருகினாள். வெள்ளித் தாளில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். டப்பென்று ஒரு சத்தம். நான் "ஐயோ" என்பதற்குள் இரண்டாவது. மூன்றாவது. மச்சான் கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், துணிச்சல்காரன் அல்லவா? பதினோரு புட்டி திறந்தாயிற்று. பன்னிரண்டாவது சிவப்பு. அதன் மூடி இறுகியிருந்தது. இரண்டு தடவை திருகிப் பார்த்தாள். முந்தானையால் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. அதுவாவது பிழைத்தது என்று நான் மூச்சு விட்டேன்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்" என்று என்னிடம் நீட்டினாள்.

எங்கள் வீட்டில் இறுகிய மூடியெல்லாம் திறப்பது நான்தான். பழக்க தோஷம். திறந்து கொடுத்தேன்.